சாஸ்தா தெரியாதவர்கள்

பனவடலிசத்திரத்தில் புதிதாக ஒருவர் பஸ்ஸை விட்டு இறங்கினால் பெரியவர்கள் அவர் பெயரைக் கேட்கமாட்டார்கள். "யாரு வீட்டுக்கு?" என்பது முதல் கேள்வி. "யாரு மவன்?" என்பது இரண்டாவது. பேச்சு ஓடி, சம்பந்தம் பேசுகிற அளவுக்கு நெருக்கம் வந்துவிட்டால் மூன்றாவது வரும்: "உங்களுக்கு சாஸ்தா எது?" திருநெல்வேலிச் சீமையில் இந்த மூன்றாவதுதான் ஆளை எடைபோடுகிற கேள்வி. பங்குனி உத்திரத்தன்று குடும்பம் குடும்பமாகப் போய்ப் பொங்கலிடுகிற அந்தக் குலசாமிக் கோயில் பெரும்பாலும் ஏதாவது ஒரு குளத்தங்கரையில், குடியிருப்பே இல்லாத காட்டுக்குள் இருக்கும். மதுரைக்கோ மும்பைக்கோ பிழைக்கப் போய் நாலு தலைமுறை ஆனாலும் சரி, அந்த ஒரு நாள் அங்கே வந்து நின்றுவிட்டால் இன்னார் வழி என்பது ஊர்ஜிதம்.

சாஸ்தா தெரியாதவர்களுக்கும் எங்கள் பக்கம் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் இருக்கிற சொரிமுத்து ஐயனாரிடம் போகலாம். பாட்டன் பெயர் மறந்துபோனவர்கள், சண்டையிலும் பஞ்சத்திலும் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள், தாயோடு மட்டும் வந்து சேர்ந்தவர்கள், யாராக இருந்தாலும் அவர்தான் சாஸ்தா. யாரும் அங்கே சாட்சி கேட்பதில்லை. நான் பார்த்த ஏற்பாடுகளில் இவ்வளவு பெருந்தன்மையானது வேறு கிடையாது.

இதைச் சொல்லக் காரணம், பல வருஷமாக நான் படித்துக்கொண்டிருப்பது வேறொரு தேசத்து சாஸ்தா தெரியாதவர்களைப் பற்றி. ஜெர்மன் நாட்டிலிருந்து பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கே வந்து, சம்பளத்துக்குத் துப்பாக்கி தூக்கி, இங்கேயே பிள்ளைகளைப் பெற்று, இங்கேயே செத்தவர்கள். அவர்களுடைய தகப்பன் யார், தாய் யார் என்று இன்றைக்கும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு இந்த நினைப்பைக் கொடுத்தது எங்கள் தெருப் பெரியம்மை. சொந்தம் கிடையாது, ஊரே அவளைப் பெரியம்மை என்றுதான் கூப்பிடும். அவளுக்குப் பூனைக்கண். கரிசல் காட்டில் பருத்தி எடுத்துக் கறுத்த முகத்தில் அந்தக் கண் மட்டும் தனியாகத் தெரியும். அவள் இல்லாத இடத்தில் பெண்கள் பேசிக்கொள்வார்கள். "அவ பாட்டன் உலாந்தாக்காரன்" என்பாள் ஒருத்தி. "இல்ல, ஜெர்மன்காரன். ரேனியுஸ் ஐயர் காலத்து ஆளு" என்பாள் இன்னொருத்தி. வெளிறின கண்ணை வைத்து மட்டும் வெள்ளைக்காரப் பாட்டனைச் சேர்த்துவிட முடியாது. அப்படிக் கண் நம் ஜனங்களிலேயே, எந்தக் கலப்பும் இல்லாமலும், பிறக்கத்தான் செய்கிறது. ஆனால் ஊர்வாய் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டால் விடாது. எங்கள் பக்கத்தில் ஜெர்மன்காரன் என்றாலே வாயில் வருவது ரேனியுஸ் ஐயர்தான்.

பாதிரியாரான அவரைப் பொறுத்தவரை ஒளிவுமறைவே கிடையாது. 1790-ல் பிரஷியாவின் கிராவ்டென்ஸில் பிறந்தார். தகப்பன் பிரஷியப் படையில் அதிகாரி. மகன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துபோனார். பெர்லினில் படித்து, 1814-ல் சென்னைக்கு வந்து, 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தார். திருப்பாற்கடல் நாதன் கவிராயரிடம் தமிழ் கற்று, தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1838-ல் பாளையங்கோட்டையிலேயே கண்ணை மூடினார். மூன்று வருஷம் கழித்து மகனே அவருடைய வாழ்க்கையைத் தொகுத்து லண்டனில் புத்தகமாகப் போட்டுவிட்டார். இப்படி வெளிச்சத்தில் வாழ்ந்த ஒருவர் தலையில் ஊர்வாய் எதையும் கட்டிவிடக் கூடாது என்று நான் அந்தப் பெண்களிடம் வாதாடியிருக்கிறேன். அவருக்குக் கொஞ்சம் முன்னால் வந்த ரிங்கல்தாபே கதை வேறு மாதிரி. சைலீசியாவில் பாதிரியார் வீட்டில் பிறந்தவர். பாளையங்கோட்டையில் இருந்து, பிறகு திருவிதாங்கூர்ப் பக்கம் மயிலாடியில் 1809-ல் கோயில் கட்டினார். 1816-ல் உடம்பு சரியில்லாமல் கிளம்பினவர் கொழும்பு, மலாக்கா என்று போய் பத்தாவியாவோடு காணாமல் போனார். அவருக்குத் தொடக்கம் தெரியும், முடிவு தெரியாது. பாதிரிமாருக்கு அனுப்பிவைத்த சங்கம் இருந்தது, கடிதம் எழுதுகிற பழக்கம் இருந்தது. அதனால் அவர்களுடைய பிறப்பு பத்திரமாக இருக்கிறது.

படைக்காரர்களுக்கு அப்படி இல்லை. மூன்றாம் ஜார்ஜ் இங்கிலாந்துக்கு ராஜா, ஜெர்மனியின் ஹனோவருக்கும் அவரே அதிபதி. 1781-ல் ஹனோவரில் ஆள் திரட்டி இரண்டு படைப்பிரிவுகளை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சென்னைக்கு அனுப்பினார்கள். 1783-ல் கடலூரில் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டையில் அவர்கள் நின்றார்கள். பத்து வருஷம் போல இந்த மண்ணில் இருந்தார்கள். அந்தப் பத்து வருஷத்தில் ஆற்காட்டுப் பக்கமும் சென்னைப் பக்கமும் பிறந்த பிள்ளைகளின் கதையை யார் எழுதிவைத்தார்கள்?

எங்களுக்குக் கிட்ட இருப்பது தூத்துக்குடி. 1658-லிருந்து அது உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கையில் இருந்தது. உலாந்தாக்காரர் என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் பெரும்பங்கு ஜெர்மன் ஊர்களிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த பையன்கள். ஆம்ஸ்டர்டாமில் கப்பலுக்குக் காத்திருக்கிற மாசங்களில் சோறுபோட்டு, துணிமணி கொடுத்துக் கப்பலேற்றிவிடுகிற தரகன் ஒருவன் இருப்பான். அவனுக்கு 150 கில்டர் கடன் எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் பையன் ஏறுவான். சிப்பாய்ச் சம்பளமோ மாசம் 9 கில்டர். கடன் அடைவதற்குள் எத்தனையோ பேர் காய்ச்சலில் போயிருப்பார்கள்.

அந்தக் கம்பெனியின் சம்பளப் பேரேடுகள் ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஓர் ஆளுக்கு ஒரு கணக்கு. பெயர், சொந்த ஊர், கப்பல், வேலை, பற்று, வரவு, கடைசியில் என்ன ஆனான் என்பது. தகப்பன் பெயர் கிடையாது. கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால் ஆளின் பெயரும் ஊரின் பெயரும் உருமாறியிருக்கும். ஆனால் ஓர் ஏற்பாடு மட்டும் மனிதத்தன்மையோடு இருந்தது. வருஷத்துக்கு மூன்று மாசச் சம்பளம் வரைக்கும் ஊரில் இருக்கிற பெண்டாட்டிக்கோ பிள்ளைக்கோ பெற்றவர்களுக்கோ கொடுக்கச் சொல்லி மாதச் சீட்டு எழுதிவைக்கலாம். அப்படி எழுதிவைத்தவன் பக்கத்தில் மட்டும் அந்தப் பெயர் வரும். கடல்கடந்து போகிற பையன் கடைசியாக நினைத்துக்கொண்ட ஆள் யார் என்று கணக்குப் புத்தகத்தில் தெரிந்துவிடுகிறது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்குப் பெரியம்மை ஞாபகம்தான் வந்தது.

தாய்மாமா ஒருவர் பட்டாளத்தில் இருந்தார். மீரட்டில் கொஞ்ச காலம். லீவில் வந்தால் சத்திரத்து டீக்கடை பெஞ்சில் அவரைச் சுற்றி ஆள் கூடிவிடும். "மருமவனே, அங்க சர்தனான்னு ஒரு ஊரு. நம்ம பாளையங்கோட்டைக் கோயில விடப் பெருசா ஒரு மாதா கோயிலு. கட்டினது யாருங்க, ஒரு துலுக்கப் பொம்பள. அவ புருசன் ஜெர்மன்காரன்" என்று ஆரம்பிப்பார். அப்போது நம்பவில்லை. பின்னால் அவர் காட்டிய வழியிலேயே போய்ப் பார்த்தேன். வெள்ளைக் கும்மட்டங்களோடு நிற்கிற அந்தக் கோயிலுக்குள் சலவைக்கல்லில் பேகம் சம்ரு அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். இத்தாலியச் சிற்பி தடோலினி செய்தது.

அவளுடைய புருஷன் வால்டர் ரைன்ஹார்ட். நான் படித்தவரை, இந்தியாவுக்கு வந்த ஜெர்மானியர்களில் பிறப்பைப் பற்றி இவ்வளவு குழப்பம் வேறு யாருக்கும் இல்லை. டிரையர் பக்கத்து ஆள் என்பார்கள். ஸ்ட்ராஸ்பர்க் என்பார்கள். சால்ஸ்பர்க் என்றும் லக்சம்பர்க் என்றும் எழுதியவர்கள் உண்டு. தச்சன் என்று ஒருவர் எழுதினால் கசாப்புக்காரன் என்று இன்னொருவர். பிரெஞ்சுக்காரர்களிடம் வேலைக்கு வந்தார், அங்கிருந்து விலகினார், ஆங்கிலேயரிடம் சேர்ந்தார், அதையும் விட்டார். முகம் எப்போதும் இருண்டு கிடந்ததால் கூட்டாளிகள் சோம்ப்ர் என்று பிரெஞ்சில் பட்டப்பெயர் வைத்தார்கள் என்பது ஒரு கதை. நம்ம ஊர் நாக்கில் அது சம்ரு ஆனது. 1763 அக்டோபரில் பாட்னாவில், நவாப் மீர் காசிமின் உத்தரவின்பேரில், பிடித்துவைத்திருந்த ஆங்கிலேயக் கைதிகளைக் கொன்றது இவருடைய ஆட்கள்தான். அதற்கப்புறம் ஆங்கிலேயர் எந்த ராஜாவோடு உடன்படிக்கை பேசினாலும் சம்ருவைப் பிடித்துக்கொடு என்பது ஒரு நிபந்தனையாக இருந்தது. அப்படிப்பட்டவர் தன் ஊரையும் தகப்பனையும் பற்றி வாய் திறப்பாரா? குழப்பத்தில் பாதி அவரே உண்டாக்கியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கைகளில் ரத்தக்கறை இருந்த மனுஷன். அதை மறைத்து அவரைக் கதாநாயகனாக்கி எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

1778-ல் ஆக்ராவில் இறந்தார். அங்கே கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் எட்டுப்பட்டையும் கும்மட்டமுமாக, முகலாயர் கட்டினதுபோல, அவருடைய சமாதி இருக்கிறது. பிறகு பட்டாளத்தையும் சர்தனா ஜாகீரையும் கட்டியாண்டவள் பேகம். 1781-ல் ஞானஸ்நானம் பெற்று யோவன்னா ஆனாள். ஐம்பத்தெட்டு வருஷம் போல ஆண்டு, 1836-ல் இறந்தாள். அவளுக்குப் பிள்ளை கிடையாது. வளர்த்த பையன் டேவிட் ஆக்டர்லோனி டைஸ் சோம்ப்ர்; வால்டருக்குக் கொள்ளுப்பேரன் முறை. ஜாகீரை ஆங்கிலேயக் கம்பெனி எடுத்துக்கொண்டது. மிச்சச் சொத்தே மலை மாதிரி. அதை எடுத்துக்கொண்டு டேவிட் இங்கிலாந்து போனார். 1841-ல் சட்பரித் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்வானார். அடுத்த வருஷமே, லஞ்சம் கொடுத்த தேர்தல் என்று அது ரத்தானது. 1843-ல் அவரைப் பைத்தியம் என்று தீர்ப்புச் செய்தார்கள். தனக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்று நிரூபிக்க மிச்ச ஆயுள் முழுவதும் போராடி, 1851-ல் லண்டனில் செத்தார். சொத்து, பிரிந்திருந்த மனைவிக்குப் போனது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ரைன்ஹார்ட் என்று பெயர் வைத்திருந்த குடும்பங்கள் வாரிசுச் சங்கம் அமைத்தன. சர்தனாச் சொத்தில் பங்கு வேண்டுமென்றால் வால்டர் ரைன்ஹார்ட் யாருடைய மகன், அவருக்கு அண்ணன் தம்பி யார் என்று முதலில் காட்ட வேண்டும். இருநூறு வருஷத்துக்கு முந்தின கோயில் பதிவேடுகளில் ரைன்ஹார்ட் என்ற பெயரைத் தேடிப் போனார்கள். ஜெர்மனியில் அந்தப் பெயருக்குப் பஞ்சமா? முருகன் என்ற பெயரை வைத்துக்கொண்டு சங்கரன்கோவில் தாலுகாவில் ஒருவரைத் தேடுவது மாதிரிதான்.

இந்தக் கதையில் என் மனசு எப்போதும் போய் நிற்கிற இடம் வேறு. டேவிட்டின் ரத்தம் பேகத்தின் வழி வந்ததல்ல. வால்டருக்குப் பேகத்துக்கு முன்னால் ஒரு மனைவி இருந்தாள். சபர்யாப் கான் என்ற மகனைப் பெற்றவள் அவள்தான். அந்த மகனின் மகள் பிள்ளை டேவிட். மூத்தவள் என்ற பொருளில் 'படி பீபி' என்றே எழுத்தில் நிற்கிறாள். புத்தி பேதலித்தவள் என்று ஒரு வரி. பேகம் போனபிறகும், 1838 வரைக்கும் சர்தனாவில் உயிரோடு இருந்தாள். பார்லிமெண்டுக்குப் போனவனின் கொள்ளுப்பாட்டன் என்று வால்டரைக் கொண்டாடுகிறவர்களும், வால்டரின் தகப்பனைத் தேடி ஊர் ஊராகப் பதிவேடு புரட்டியவர்களும், அந்த வம்சத்தை வயிற்றில் சுமந்தவளுடைய தகப்பன் யார், ஊர் எது என்று கேட்கவில்லை. சொத்து எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம்தான் தேடினார்கள். எந்தப் பரம்பரைக் கதையை எடுத்தாலும் நான் காண்பது இதுதான், இதில் எனக்கு ஆற்றாமை உண்டு.

இலங்கையிலும் அப்படித்தான். 1787-ல் வூர்ட்டெம்பெர்க் பிரபு கார்ல் ஆய்கன், காசுக்காகத் தன் குடிமக்களில் ஒரு படைப்பிரிவைத் திரட்டி உலாந்தாக் கம்பெனிக்குக் கொடுத்தார். முதலில் ஆப்பிரிக்காவின் தென்முனைக்குப் போனார்கள், பிறகு இலங்கைக்கும் ஜாவாவுக்கும். அந்தப் படையில் ஃபிராங்கமோன் என்ற குடும்பப்பெயரோடு சில இளம் அதிகாரிகள் இருந்தார்கள். அது பரம்பரையாக வந்த பெயர் அல்ல. பிரபுவுக்கு நாடகக்காரிகளிடமும் நடனக்காரிகளிடமும் பிறந்த பிள்ளைகளுக்கு அவரே வைத்த பெயர் அது. தம் ரத்தத்தைத் தாமே விலைக்குக் கொடுத்துக் கப்பலேற்றிவிட்டார். அவர்களில் ஃப்ரீட்ரிக் என்பவர் இலங்கையில் இருந்து, ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, ஊர் திரும்பி, பின்னாளில் வூர்ட்டெம்பெர்க்குக்கு யுத்த மந்திரியாகவே ஆனார். 1842-ல் ஸ்டுட்கார்ட்டில் இறந்தார். தகப்பன் பிரபு என்பதால் அவர் கதை நமக்குத் தெரிகிறது. அதே கப்பலில் வந்து கொழும்பிலும் காலியிலும் கல்யாணம் செய்துகொண்டு தங்கிப்போன தையற்காரன் மகனுக்கும் திராட்சைத் தோட்டக்காரன் மகனுக்கும் அந்த வசதி இல்லை.

அவர்களுடைய பேரன்மார்தான் 1908-ல் கொழும்பில் டச்சு பறங்கியர் சங்கம் வைத்தவர்களில் கலந்திருக்கிறார்கள். சங்கத்தின் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளி அச்சாகியிருக்கிறது. மூதாதை இன்ன ஜெர்மன் ஊரில் பிறந்தார், இன்ன கப்பலில் வந்தார் என்று. உழைப்பு என்றால் அப்படி ஓர் உழைப்பு. ஆனால் உறுப்பினராகச் சேரத் தொடக்கத்தில் வைத்த விதி ஒன்று: கம்பெனிக் காலத்து ஐரோப்பிய மூதாதையிலிருந்து ஆண்வழியாக வந்திருக்க வேண்டும். தாய்வழியாக வந்தால் கணக்கில் சேராது. அதனால் முதல் தலைமுறையில் அந்தப் படைவீரனோடு குடும்பம் நடத்திய பெண், சிங்களத்தியோ தமிழச்சியோ, பல அட்டவணைகளில் ஒரு ஞானஸ்நானப் பெயராக ஒடுங்கிவிடுகிறாள்.

ஜெர்மன் கோயில் பதிவேடுகளைப் பற்றிப் படித்ததில் ஒன்று மறக்கவில்லை. கல்யாணம் ஆகாத தாய்க்குப் பிறந்த குழந்தையின் பெயரைச் சில ஊர்களில் தலைகீழாக எழுதிவைப்பார்களாம். பக்கத்தைத் திருப்பிப் பிடித்தால்தான் வாசிக்க முடியும். அன்றைக்கு அது அவமானத்துக்காகச் செய்தது. ஆனால் அந்தத் தலைகீழ் வரியில் தாயின் பெயர் மட்டும் திருத்தமாக இருக்கும். தகப்பன் இருக்க வேண்டிய இடம் காலி. இப்போது தேடுகிறவர்களுக்கு அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பெயர்தான் பிடிமானம்.

மரபணுப் பரிசோதனைக்காரர்கள் சொல்வதும் இதையொட்டித்தான் வருகிறது. ஆறு தலைமுறைக்கு முந்தின ஒரு பாட்டனுடைய பங்கு நம் உடம்பில் சராசரியாக அறுபத்துநாலில் ஒன்று. ஏழாவது தலைமுறையில் அதிலும் பாதி. ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளையாக இறங்கி வந்தால் ஒய் குரோமோசோம் அறுபடாமல் வரும். நடுவில் ஒரு பெண் வந்தால் அந்த இழை நின்றுபோகும். அம்மை வழியில் வருகிற மைட்டோகாண்ட்ரியா இழை ஆணுக்கும் பெண்ணுக்கும் எல்லார் உடம்பிலும் இருக்கிறது.

எங்கள் திருநெல்வேலிச் சீமையிலேயே இருக்கிற டோனாவூரை நினைத்தாலும் எனக்கு இந்தப் பேச்சுத்தான் ஓடும். முன்னால் அது புலியூர்க்குறிச்சி. 1827-ல் பிரஷியாவின் டோனா பிரபு அனுப்பிய பணத்தில் ரேனியுஸ் ஐயர் நிலம் வாங்கி, கிறிஸ்தவர்களைக் குடிவைத்து அந்தப் பிரபு பெயரையே ஊருக்கு வைத்தார். டோனாக்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டு வரைக்கும் பாட்டன் பெயரைப் பின்னோக்கிச் சொல்லக்கூடிய குடும்பம். அவர்கள் பெயர் வைத்த ஊரில்தான் 1901-லிருந்து ஏமி கார்மைக்கேல் அம்மையார், தகப்பனும் தாயும் இன்னார் என்று எழுத வழியில்லாத குழந்தைகளை வைத்து வளர்த்தார். பிறந்த நாள் தெரியாத பிள்ளைகளுக்கு அங்கே வந்துசேர்ந்த நாளைக் கொண்டாடுவார்கள். அந்த ஊருக்கு மேற்கே நிற்கிற மலைத்தொடரில்தான் சொரிமுத்து ஐயனாரும் இருக்கிறார். இரண்டு இடத்தையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது என்னுடைய விருப்பம்; அங்கே கும்பிடுகிறவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பெரியம்மையிடம் நேரிலேயே கேட்டுவிட்டேன், ஒரு தடவை. கல்லூரியில் படிக்கிற திமிர். திண்ணையில் பருத்திக்கொட்டை பிரித்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மை, உங்க பாட்டன் வெள்ளக்காரராமே?"

அவள் கோபப்படவில்லை. "பாட்டன எனக்கு எங்கல தெரியும்? அம்மை வழியக் கேளு, சொல்லுதேன்" என்றாள். சொன்னாள். அவளைப் பெற்றவள் வன்னிக்கோனேந்தலில் பிறந்தவள். அவளைப் பெற்றவள் தேவர்குளத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளைப் பெற்றவள் தூத்துக்குடியிலிருந்து, கடலோரத்தில் கொள்ளைநோய் வந்த ஒரு வருஷம், கைப்பிள்ளையோடு நடந்தே வந்தவள். ஒவ்வொருத்திக்கும் பெயர் சொன்னாள், எத்தனை பிள்ளை பெற்றாள், எத்தனை தங்கிற்று என்று சொன்னாள், எந்த நோவில் போனாள் என்றும் சொன்னாள். அதற்கு மேலேயும் ஒரு பெயர் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஊர் மட்டும் தெரியவில்லை. ஊர்ப் பெண்கள் கட்டின கதையில் இருந்த உலாந்தாக்காரனும் ஜெர்மன்காரனும் அவள் பேச்சில் வரவே இல்லை. அவளைப் பொறுத்தவரை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அவளுடைய வம்சம் முழுசாகவே இருந்தது.

இன்றைக்கு ஹேக் பேரேடுகளின் அட்டவணையை வீட்டில் உட்கார்ந்தே பார்க்க முடிகிறது. பெயரைப் போட்டும் தேடலாம், ஊரைப் போட்டும் தேடலாம். மாதச் சீட்டு எழுதியவனா இல்லையா என்பது வரைக்கும் அட்டவணையே சொல்லிவிடும். யார் பெயருக்கு எழுதினான் என்பதற்கு அந்தக் கணக்கின் பக்கத்தையே திறந்து, பழைய கையெழுத்தைக் கூட்டி வாசிக்க வேண்டும். ராத்திரி நேரங்களில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஜெர்மன் ஊர்க்காரன், கிழக்கே வந்து திரும்பாதவன் என்று ஒருத்தன் அகப்பட்டால், அவன் தன் சம்பளத்தில் மூன்று மாசத்தை எந்த அம்மைக்கு எழுதிவைத்தான் என்று முதலில் பார்க்கிறேன். அவன் தகப்பனைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.